மணிமுத்தாற்றில் எதை எது தின்கிறது?

கடலூர் மாவட்டத்தின் சுற்றுச்சூழலை ஆய்வு செய்ய வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குப் போகிறார்கள். ஒன்று கடற்கரை: கடலூர் சிப்காட், உப்பனாறு, பரங்கிப்பேட்டை. மற்றொன்று நெய்வேலி. இரண்டுக்கும் மேற்கே உள்ள விருத்தாசலம் அவர்களுக்கு ரயில் மாறும் சந்திப்பு மட்டுமே. மணிமுத்தாறும், அது சேரும் வெள்ளாறும், சுற்றியுள்ள ஏரி குளங்களும் ஆய்வேடுகளில் இடம்பெற்றாலும் இரு கூறாகவே வருகின்றன. வேதியியல் துறை மாணவர் தண்ணீரை எடுத்து அமிலத்தன்மை, கடினத்தன்மை, கரைந்த உப்பு, நான்கைந்து கன உலோகங்கள் என்று அட்டவணை போடுகிறார். விலங்கியல் துறை மாணவர் வலை போட்டு, அகப்பட்ட மீன்களின் பெயர்களை வரிசைப்படுத்துகிறார். ஒரே ஏரியில் ஒரே ஆண்டில் இரண்டும் நடந்தாலும் முன்னதில் மீன் இருக்காது, பின்னதில் நஞ்சு இருக்காது. தமிழகச் சிற்றூர்க் கல்லூரிகளின் சூழலியல் ஆய்வு தேங்கி நிற்பது இந்தப் பிரிவினையால்தான் என்பது என் கருத்து. ஒரு தனிமம் மண்ணிலிருந்து பாசிக்கும், பாசியிலிருந்து நத்தைக்கும், நத்தையிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கொக்குக்கும் மனிதனுக்கும் எப்படிப் போகிறது என்று ஒரே கையால் பின்தொடரும் ஆய்வுக்கு விருத்தாசலம் மிகப் பொருத்தமான ஊர். அங்கே செராமிக் தொழில் இருப்பது அந்தப் பொருத்தத்தை இன்னும் கூட்டுகிறது.

இதற்கு முன்னுதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. அதே வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. 1980களின் இறுதியில் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டன. அப்போது நெல் வயல்களில் பி.எச்.சி. என்று விவசாயிகள் அழைத்த எச்.சி.எச். பூச்சிக்கொல்லி ஏராளமாகப் புழங்கியது. தெளித்த மருந்து எங்கே போகிறது? மழையோடு ஆற்றுக்கும், ஆற்றோடு கடலுக்கும் போகும் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். அ. சுப்பிரமணியன், ஷின்சுகே தனாபே, ஏ. ரமேஷ் முதலியோர் வெள்ளாற்று நீர், வண்டல், காற்று மூன்றையும் பருவம் பருவமாக அளந்தார்கள்; வயலில் மருந்தைத் தெளித்துச் சோதனையும் நடத்தினார்கள். 1991இல் வெளிவந்த கணக்கின்படி, தெளித்ததில் 99.6 விழுக்காடு காற்றில் ஆவியாகிப் போயிருந்தது. ஆற்றின் வழியே கடலுக்குச் சென்றது 0.4 விழுக்காடுதான். வெப்ப நாடுகளில் தெளிக்கும் நஞ்சு காற்றேறிக் குளிர் நாடுகள்வரை போய்ப் படிகிறது என்ற வாதத்துக்கு வெள்ளாறு இப்படி ஒரு வலுவான சான்றானது. எச்.சி.எச். இந்தியாவில் 1997இல் தடை செய்யப்பட்டது. இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நுட்பமான கருவிகள் பலவும் எஹிமே பல்கலைக்கழகம் இருக்கும் மாட்சுயாமாவில் இருந்தன. கேள்வியும் வயலும் மாதிரி எடுக்கத் தெரிந்த கைகளும் இங்கே இருந்தன. இந்த ஏற்பாட்டைப் பிறகு மறந்துவிட்டோம்.

நன்னீர் உணவு வலை பற்றிய சிந்தனைக்கு அடித்தளம் போட்டதே ஒரு முனைவர் பட்ட மாணவரின் ஆய்வுதான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சேற்றுக் குட்டை என்றே சொல்லத்தக்க ஒரு சிறு ஏரியை ரேமண்ட் லிண்டெமன் ஐந்தாண்டு துருவினார். சூரிய ஆற்றல் பாசிக்கும், பாசியிலிருந்து அதைத் தின்னும் உயிருக்கும் படிப்படியாகக் குறைந்து கைமாறுவதைக் கணக்கிட்டார். அவர் எழுதிய கட்டுரையை இதழ் முதலில் நிராகரித்தது. 1942இல் அது அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை; இறந்தபோது வயது 26. நம் பக்கத்திலும் தொடக்கம் சிறிய நீர்நிலைகளிலிருந்தே வந்தது. எஸ்.வி. கணபதி 1940இல் வெளியிட்டது ஒரு கோயில் குளத்தைப் பற்றிய ஆய்வு. அந்தக் குளத்தில் ஆண்டு முழுவதும் பச்சைப் படலமாக மிதந்த நீலப்பசும்பாசி எப்படி நிலைத்திருக்கிறது என்பதே அவர் கேள்வி. பின்னர் ஏ. சீனிவாசன் தமிழக நீர்த்தேக்கங்களில் பாசி உற்பத்தியையும் மீன் விளைச்சலையும் சேர்த்துப் பார்த்தார். அந்தச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் தொடர்ந்திருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

மணிமுத்தாற்றின் போக்கைப் பார்த்தால் இந்த ஆய்வை எங்கே நடத்துவது என்பது தானாகத் தெரியும். கல்வராயன் மலையில் தோன்றி, கள்ளக்குறிச்சிச் சமவெளியில் அணைகளைக் கடந்து, கரும்பு, நெல், மரவள்ளி வயல்களின் வடிகாலை வாங்கிக்கொண்டு, விருத்தகிரீசுவரர் கோயிலை ஒட்டி ஊருக்குள் வருகிறது. ஊரின் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறோ ஆத்தூர்ப் பக்கத்து வசிஷ்ட நதியின் வழியே வேறொரு சுமையோடு வருகிறது. அந்த நதியில் சேகோ ஆலைக் கழிவு கலப்பதாகப் புகார்கள் பல ஆண்டுகளாக உண்டு. இரண்டு கிளைகள், இரண்டு விதமான சுமை, ஒரு கூடல். கூடலுக்கு மேலே இரு கிளைகளிலும், கீழே ஒரு இடத்திலும் ஒரே வகை நத்தையையும் ஒரே வகைக் கெண்டையையும் பிடித்து ஒப்பிட்டால், ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உண்டாக்க முடியாத ஒரு சோதனையை ஆறே நடத்திக் கொடுக்கும். உணவின் மூலத்தைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. கரும்பும் மக்காச்சோளமும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு, நெல்லும் மரவள்ளியும் செய்யும் முறை வேறு. அதனால் கரும்புச் சக்கையிலுள்ள கார்பன்-13 விகிதமும் வைக்கோலில் உள்ளதும் தெளிவாக வேறுபடும். கரும்புக் கழிவைத் தின்ற புழு, அந்தப் புழுவைத் தின்ற மீன் என்று இந்த அடையாளம் பெரும்பாலும் மாறாமல் தொடரும். நைட்ரஜன்-15 வேறொன்றைச் சொல்லும். உணவுப் படியில் ஒரு படி ஏறும்போது அது சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 கூடுகிறது. விரால் தவளையையும் சின்ன மீனையும் தின்கிறது என்று புத்தகம் சொல்வது இந்தக் குளத்து விராலுக்கும் பொருந்துமா என்று வயிற்றை அறுக்காமலே தெரிந்துகொள்ளலாம். தேவைப்படுவது 60 பாகை வெப்பத்தில் உலர்த்திப் பொடித்த தசையில் ஒரு மில்லிகிராம் அளவு, அதை வைத்து மடிக்க ஒரு குட்டித் தகரக் கிண்ணம். ஒரு குளத்தின் உணவு வலை முழுவதும் 96 குழிகள் உள்ள ஒரு தட்டில் அடங்கி ஒரு தபால் உறைக்குள் போய்விடும்.

இனி செராமிக். பொம்மை, அகல் விளக்கு, ஜாடி, மின் ஃபியூஸ் கேரியர் என்று விருத்தாசலத்துச் சூளைகளில் வேகும் பொருள்களுக்கெல்லாம் அடிப்படை வெண்களிமண். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் மேலே கிடக்கும் மண்ணிலிருந்தும் இது கிடைக்கிறது. இந்தக் களிமண்ணின் பெரும்பகுதி கயோலின். சுற்றுவட்டாரக் கரிசலில் இருப்பதோ மான்ட்மோரில்லோனைட் இனம். இரண்டும் பார்வைக்கு மண்தான்; உலோகத்தைப் பிடித்துவைக்கும் திறனில் வேறு வேறு இனம். கரிசல் களிமண் கயோலினைப்போலப் பத்து மடங்குவரை உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரே அளவு ஈயம் கயோலின் மிகுந்த ஒரு செம்மண் குளத்திலும் ஒரு கரிசல் குளத்திலும் விழுந்தால், இரண்டாவதில் அது வண்டலோடு ஒட்டிக் கிடக்கவும் முதலாவதில் உயிர்களுக்கு எளிதாகக் கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். அமிலத்தன்மை, மக்கு, இரும்பு ஆக்சைடு எல்லாம் இதில் தலையிடும். அதனால்தான் இது ஆய்வுக்குரிய கேள்வி. விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள குளத்தின் வண்டலில் இந்த இரண்டு களிமண்ணும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று எக்ஸ்-கதிர்ச் சோதனையில் பார்ப்பது ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதுமான வேலை. களிமண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அதே ஊரின் செராமிக் தொழில்நுட்பக் கல்லூரியில் இருக்கிறார்கள். இந்தக் கூட்டு இதுவரை யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

ஈயம் ஏன் இங்கே வருகிறது என்றால், மெருகு பூசுவதால். 1,200 பாகைக்கு மேல் சுடும் பீங்கானுக்கு ஃபெல்ட்ஸ்பார் மெருகே போதும், ஈயம் வேண்டியதில்லை. குறைந்த வெப்பத்தில் பளபளப்பு வேண்டும் என்றால் உலகெங்கும் குயவர்கள் நெடுங்காலம் நம்பியது ஈய ஆக்சைடை. அது 888 பாகையிலேயே உருகிவிடும், அதற்கு மேல் சூடேறினால் ஒரு பகுதி புகையாகவும் போகும். சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியம், நீலத்துக்குக் கோபால்ட் என்று நிறமிகளும் உண்டு. விருத்தாசலத்துச் சூளைகள் குளங்களை நஞ்சாக்கிவிட்டன என்று நான் சொல்லவில்லை. எந்தச் செராமிக் ஊரிலும் வண்டலைத் தோண்டி அடுக்கு அடுக்காகப் படித்தால் மெருகின் வரலாறும் கூடவே படிக்கக் கிடைக்கும் என்கிறேன். ஈயத்தின் ஐசோடோப் விகிதம் அது எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதைக் காட்டும். ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்திருந்த ஈயமா, மெருகு ஈயமா, பழைய பேட்டரியா என்று பிரித்தறிய அது உதவும்.

உணவு வலை இல்லாமல் இந்த வேதியியலுக்குப் பாதிப் பயன்தான் என்பதற்கும் ஈயமே நல்ல உதாரணம். பொதுவாக ஈயம் உணவுப் படிகளில் மேலே போகப் போகக் குறையும். அது தசையில் தங்காமல் எலும்பிலும் செதிலிலும் செவுளிலும் நத்தை ஓட்டிலும் போய்ச் சேரும். மீதைல் பாதரசம் இதற்கு நேர் எதிர்: தசையில் தங்கி, படிக்குப் படி பெருகும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் மீனுக்கு வைத்திருக்கும் வரம்பு ஈயத்துக்குக் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், மீதைல் பாதரசத்துக்கு 0.25. ஆய்வு மாணவர் சந்தையில் ஒரு பெரிய விராலை வாங்கித் தசையை மட்டும் அரிந்து சோதித்து ‘ஈயம் வரம்புக்குள் உள்ளது’ என்று எழுதினால், அது உண்மையாகவே இருந்தாலும் உதவாத உண்மை. அயிரையையும் பொடிக் கெண்டையையும் தலை, முள், குடலோடு சேர்த்துக் குழம்பு வைப்பவருக்கு வரும் ஈயம் அந்தத் தசையில் இல்லை. வயல் நத்தையும் நண்டும் தின்பவருக்கு வருவது இன்னொரு கணக்கு. யார் எந்த மீனை எப்படிச் சமைக்கிறார் என்று தெரியாமல் எந்தப் பகுதியைச் சோதிக்க வேண்டும் என்று முடிவுசெய்யவே முடியாது. இந்த அறிவு விருத்தாசலத்து மாணவருக்கு வீட்டிலேயே கிடைக்கிறது. தொலைவிலிருந்து வரும் ஆய்வாளர் இதற்கு ஒரு தனிக் கணக்கெடுப்பே நடத்தியாக வேண்டும்.

பாதரசத்துக்குக் கிழக்கே பார்க்க வேண்டும். சுமார் 20 கிலோமீட்டரில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரியை எரித்தால் அதிலுள்ள பாதரசத்தின் ஒரு பகுதி ஆவியாகி வெளியேறும் என்பது எந்த அனல்மின் நிலையத்துக்கும் பொது. தென்மேற்குப் பருவத்தில் காற்று நெய்வேலிப் புகையைக் கடல் பக்கம் தள்ளும். வடகிழக்குப் பருவத்தில், அதாவது இந்தப் பகுதிக்கு அதிக மழை கிடைக்கும் அதே மாதங்களில், காற்று விருத்தாசலம் பக்கம் திரும்பும். இதே மாதங்களில்தான் காய்ந்து வெடித்துக் கிடந்த ஏரிகள் நிரம்பும். காய்ந்த வண்டல் மறுபடி நனையும்போது காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சாதாரணப் பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்றும் வேகம் கூடும் என்று உலகின் பல நீர்த்தேக்கங்களில் கண்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் காய்ந்து நிரம்பும் தமிழக ஏரியில் இது எப்படி நடக்கிறது என்பது திறந்து கிடக்கும் கேள்வி. கனடாவின் ஒண்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றில், 658 என்று எண்ணிட்ட ஏரியில், அடையாளமிட்ட பாதரசத்தை வேண்டுமென்றே சில ஆண்டுகள் சேர்த்து, பிறகு நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்திய சில ஆண்டுகளிலேயே மீனில் அது இறங்கத் தொடங்கியதாக 2021இல் முடிவு வெளிவந்தது. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் குளிர்நாட்டு ஏரி அது. அந்த முடிவை அப்படியே நம் ஏரிக்கு எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஏரியில் அளந்தால்தான் உண்டு.

இப்படி ஓர் ஆய்வுக்கு வரும் முதல் ஆட்சேபம், கருவி இல்லை என்பது. பில்லியனில் ஒரு பங்கு அளக்கும் ஐ.சி.பி.எம்.எஸ். கருவியோ ஐசோடோப் கருவியோ சிற்றூர்க் கல்லூரியில் இருக்காது, இருந்தாலும் பராமரிக்க முடியாது. உண்மைதான். ஆனால் சென்னை ஐ.ஐ.டி.யில் வெளியாரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் நுண்கருவிக் கூடம் உண்டு. நாடெங்கும் உள்ள பொதுக் கருவிகளில் நேரம் பதிவுசெய்ய 2020 முதல் ஐ-ஸ்டெம் தளம் இருக்கிறது. கல்லூரியும் தனித்து விடப்பட்டதல்ல. விருத்தாசலத்தின் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி உட்படக் கடலூர் மாவட்டக் கலைக் கல்லூரிகள் 2021க்குப் பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. வெள்ளாற்றின் நடுப்பகுதியும் முகத்துவாரமும் இப்போது ஒரே பல்கலைக்கழகத்தின் கீழே வருகின்றன. உதவித்தொகையும் முன்போல இல்லை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்; தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000. உண்மையில் தடையாக இருப்பது மாதிரியின் தரம். அமிலத்தில் கழுவாத புட்டியில் எடுத்த தண்ணீரை எந்தக் கோடி ரூபாய்க் கருவியில் ஏற்றினாலும், வருவது புட்டியின் ஈயம்தான். ஒவ்வொரு தொகுதியோடும் வெற்று மாதிரி ஒன்று, அளவு தெரிந்த சான்று மாதிரி ஒன்று சேர்த்து அனுப்பாத ஆய்வேடுகளின் உலோக எண்களை நான் நம்புவதில்லை. இந்த ஒழுக்கத்துக்குப் பணம் தேவையில்லை. சொல்லிக்கொடுப்பவர் தேவை, அவர் கிடைப்பதுதான் அரிது.

சில கேள்விகளுக்குக் கருவியே அவ்வளவாக வேண்டியதில்லை. ஜப்பானின் ஷின்ஜி ஏரியில் மிதவை உயிர்களின் எண்ணிக்கையையும் மீன்பிடிப் பதிவுகளையும் மசுமி யமமுரோவும் உடனாய்வாளர்களும் ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தார்கள். நெல் வயல்களில் நியோநிகோடினாய்டு மருந்து 1993இல் புழக்கத்துக்கு வந்ததும் மிதவை உயிர்கள் சரிந்தன. ஆண்டுக்கு 240 டன் கிடைத்த ஒரு வகை மீன் 22 டன்னுக்கு இறங்கியது. மருந்து மீனைக் கொல்லவில்லை, மீனின் சோற்றைக் கொன்றது. 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த இந்த ஆய்வின் முதுகெலும்பு பழைய பதிவேடுகள். இங்கேயும் ஏரிதோறும் மீன்பாசி ஏலம் நடக்கிறது. ஏலத் தொகையும் ஆண்டும் ஊராட்சியிலோ பொதுப்பணித் துறையிலோ ஏதோ ஒரு கட்டில் எழுதப்பட்டிருக்கும். இமிடாகுளோப்ரிட் போன்ற அதே இன மருந்துகளை எந்தப் பயிரில் எப்போது பரிந்துரைக்கத் தொடங்கினார்கள் என்பதை, வி.ஆர்.ஐ. நிலக்கடலை ரகங்களைத் தந்த விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். ஏலத் தொகை மீன் விளைச்சலுக்குச் சரியான அளவுகோல் அல்ல என்று மறுக்கலாம். விலைவாசி, போட்டி, வளர்ப்பு மீன்குஞ்சு விட்டது எல்லாம் குறுக்கே வரும். அவற்றைக் கழித்துப் பார்க்கும் புள்ளியியலும் ஆய்வின் பகுதிதான்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: ஆற்றில் தண்ணீரே இல்லை, உணவு வலை எங்கே? மணிமுத்தாறு ஆண்டின் பெரும்பகுதி மணலும் மடுவுமாகக் கிடக்கிறது. ஆனால் நன்னீர்ச் சூழலியலின் பாடப்புத்தகங்கள் வற்றாத ஆறுகளை வைத்து எழுதப்பட்டவை. உலக ஆறுகளின் மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் ஆண்டில் ஒரு நாளாவது ஓட்டம் நின்றுபோகிறவை என்று 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கணக்கு சொல்கிறது. விதிவிலக்கு என்று ஒதுக்கியதுதான் பெரும்பான்மை. கோடையில் மடுவில் மிஞ்சும் மீன்கள் ஒன்றையொன்று தின்று, உப்பும் உலோகமும் செறிந்த நீரில் தாக்குப்பிடித்து, ஐப்பசி வெள்ளத்தில் மறுபடி ஊருக்கெல்லாம் பரவுகின்றன. அந்த மடு மீனின் உடம்பில் என்ன ஏறியிருக்கிறது, அடுத்த ஆண்டுக் குஞ்சுகளுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பதற்கு வற்றும் ஆறுதான் வேண்டும். சாக்கடை மட்டுமே ஓடும் மாதங்களில் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மற்ற மீன்களை ஒதுக்கி நிற்பதும் இதே கேள்வியின் இன்னொரு பக்கம்.

மூன்றாவது ஆட்சேபத்தைச் சூளைக்காரர்கள் சொல்வார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெரிய ஆலைகளை விட்டுவிட்டு, மலிவான டைல்ஸும் பிளாஸ்டிக்கும் சந்தையைப் பிடித்த பிறகும் தாக்குப்பிடிக்கும் சிறு தொழிலில் ஈயத்தைத் தேடுவது, ஒரு செய்தித் தலைப்பில் அவர்களை மூடச் செய்வதில் முடியலாம். சிப்காட் சுற்றுவட்டாரத்தில் ஊர் மக்களே காற்று மாதிரி எடுத்துப் போராடிய வரலாறு இந்த மாவட்டத்துக்கு உண்டு. அங்கே எதிரே நின்றது பெருமூலதனம். இங்கே பட்டறையில் பூசுகிறவரும் ஆய்வு மாணவரும் ஒரே தெருவில் குடியிருக்கலாம். ஆகவே வரிசை முக்கியம். முதலில் பட்டறைத் தரையின் தூசியும் மெருகு பூசும் தொழிலாளரின் கையும் சோதிக்கப்பட வேண்டும், ஏனென்றால் ஈயம் இருந்தால் குளத்துக்கு முன்னால் அது போய்ச் சேருவது அவர்கள் உடம்பில். முடிவுகளை முதலில் அவர்களிடம் சொல்ல வேண்டும். ஈயமில்லா மெருகுக் கலவையைச் சூளைக்கு ஏற்பச் சோதித்துத் தரும் வேலை செராமிக் கல்லூரியின் பங்காக ஆய்வுத் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். ஈயம் இல்லை என்றே முடிவு வந்தால், குழந்தை கையில் கொடுக்கும் பொம்மைக்கும் சாப்பாட்டு மேசைக்குப் போகும் ஜாடிக்கும் அந்தச் சான்றே விற்பனைக்கு உதவும். ஏற்றுமதிச் சந்தைகளில் மெருகிலிருந்து கசியும் ஈயமும் காட்மியமும் சோதித்த பிறகே இத்தகைய பொருள்கள் நுழைய முடிகிறது. அந்தக் கசிவுச் சோதனைக்கு வேண்டியது 4 விழுக்காடு அசிட்டிக் அமிலமும் ஒரு நாள் பொறுமையும் உலோகத்தை அளக்கும் ஒரு ஏ.ஏ.எஸ். கருவியும்.

படித்து முடித்தால் வேலை என்ன என்று பெற்றோர் கேட்பார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வகங்கள், உணவுச் சோதனைக் கூடங்கள், குடிநீர் வாரியம், மீன்வளத் துறை, தனியார் சுற்றுச்சூழல் சோதனை நிறுவனங்கள் என்று இடங்கள் இருக்கின்றன. மிக ஏராளம் என்று சொல்ல மாட்டேன். இப்படிப் பயின்றவர் கருவி ஓட்டவும் தெரிந்தவர், வயலில் இறங்கவும் தெரிந்தவர். நேர்காணலில் இந்த இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவர்களே அதிகம் வருகிறார்கள். ஆய்வைத் தொடங்கும் மாதம் மட்டும் தவறக்கூடாது. ஜூனில் சேரும் மாணவர் பாடத் தேர்வு, தலைப்புப் பதிவு, நெறிக்குழுக் கூட்டம் என்று நடையாய் நடந்து முடிக்கும்போது தை பிறந்துவிடும். ஏரி நிரம்பும் முதல் வாரத்து வண்டலும் முதல் வெள்ளத்து நத்தையும் அதற்குள் போய்விடும். பதிவு முடிகிறதோ இல்லையோ, புரட்டாசிக்குள் புட்டிகள் அமிலத்தில் ஊறியிருக்க வேண்டும்.